நடுப்பாகத்தை ஆப்பில் அனுப்பிய மகனுக்கு

அன்புள்ள முரளி,

நீ அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. காலையில் நான் போன் செய்து, "அந்தப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு வாடா" என்று சொன்னபோது நீ, "சரிம்மா, அனுப்பிடறேன்" என்றாய். வருகிறேன் என்பதற்கும் அனுப்புகிறேன் என்பதற்கும் உள்ள வித்தியாசம் என் காதில் விழவில்லை. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்த காது, பெற்ற பிள்ளை சொன்ன ஒரு வார்த்தையைத் தவறவிட்டுவிட்டது. உனக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டு, தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கொட்டிவாக்கத்தில் உன் வீட்டுப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்தது, ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு டெலிவரிக்காரர். "அம்மா, பார்சல் கீது. ஓ.டி.பி. சொல்லுங்க" என்றார். என்ன ஓ.டி.பி. என்றேன். "அனுப்சவங்க போனுக்கு வந்துக்கும். கேட்டு சொல்லுங்க" என்றார். உனக்கு அடித்தால் நீ எடுக்கவில்லை. மீட்டிங். வெயிலில் நின்ற அந்த மனுஷருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன். கேட் நிழலில் அவரும் நானும் உன் பதிலுக்காகக் காத்து நின்றோம். "யாரும்மா அனுப்சது?" என்று கேட்டார். என் பிள்ளை என்றேன். "எங்க கீறாரு, வெளியூரா?" என்றார். மந்தைவெளி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

உன்னை வாட்ஸப்பிலேயே திட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீ அதைப் படித்துவிட்டு ஒரு கும்பிடு படம் அனுப்புவாய், நானும் மனம் இளகி "சாப்பிட்டியா?" என்று கேட்டுத் தொலைப்பேன். அதனால்தான் கடிதம். செல்வியின் பிரின்டரிலிருந்து உருவிய தாளில் எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் உருவினேன். என்ன எழுதுகிறேன் என்று அவள் கேட்கவில்லை, கேட்டால் காட்டுவேன். யார் கேட்டாலும் காட்டுவேன். இதில் ஒளித்து வைக்க எனக்கு ஒன்றும் இல்லை. இதையும் அதே டெலிவரி ஆப்பில்தான் அனுப்பச் சொல்லப்போகிறேன். உனக்குப் புரிகிற பாஷை அது ஒன்றுதான் போலிருக்கிறது. ஓ.டி.பி. என்னிடம் இருக்கும். வேண்டுமானால் போன் செய்து கேட்டுக்கொள்.

பொங்கல் கழிந்த வாரம் நீ தோளில் ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாய். "ஆபீஸ்ல பெரிய வேலை ஒண்ணும்மா. கொஞ்ச நாள் அமைதியா உக்காந்து செய்யணும்" என்றாய். அமைதிக்கு நீ தேர்ந்தெடுத்த இடம் மந்தைவெளி! மெட்ரோவுக்காகப் பூமியைத் துளைக்கிற துளையில் நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி பகல் முழுக்க நடுங்கிக்கொண்டிருக்கிறது. தெருவை அடைத்துப் போட்டிருப்பதால் அந்தப் பக்கம் போக வேண்டிய வண்டியெல்லாம் நம் வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறது. கொட்டிவாக்கத்தில் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு ஒருவன் அமைதி தேடி இங்கே வருகிறான் என்றால் எனக்கு அன்றைக்கே பொறி தட்டியிருக்க வேண்டாமா? நான் தோசைக்கு அரைத்தேன். "செல்வி எப்படிடா இருக்கா?" என்றால் "நல்லா இருக்காம்மா." "அவ அப்பா?" என்றால் "இப்போ பரவாயில்ல." எதைக் கேட்டாலும் இரண்டு வார்த்தை. கேட்டு முடிப்பதற்குள் கண் புத்தகத்துக்குப் போய்விடும்.

அந்தப் புத்தகத்தைத்தான் எனக்குச் சகிக்கவில்லை. திவானில் சாய்ந்துகொண்டு, வயிற்றின் மேல் அதை நிறுத்தி வைத்துக்கொண்டு, பாத்திரத்தில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாமல் கிடந்தாய். செங்கல் தடிமன். அட்டையில் பாய் சுருட்டிய ஒரு கப்பல். ஐந்து பாகத்தில் இது மூன்றாவது என்றாய். முப்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை, பெண்டாட்டியோடு பேசாமல், மாயாஜாலக் கதை படித்துக்கொண்டு தாயார் வீட்டில் கிடக்கிறானே, அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்ற ஆத்திரத்தில்தான் நான் அதைக் கையில் எடுத்தேன். நீ காதில் மாட்டிக்கொண்டு உள்ளறையில் ஆபீஸ் ஆட்களோடு பேசுகிற மத்தியான வேளைகளில் படித்தேன். என் இங்கிலீஷ் டெலிபோன் இங்கிலீஷ். "ஹோல்டு தி லைன் ப்ளீஸ்" என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது. புரியாத வார்த்தையை முதலில் போனில் தேடினேன். பிறகு தேடுவதை விட்டுவிட்டேன். மாமியார் வீட்டுக்கு முதன்முதலில் போகும்போது எல்லோருடைய பெயரும் உறவும் தெரிந்துகொண்டா போகிறோம்? போகப் போகத் தெரியும் என்று உள்ளே நுழைந்தேன்.

முதல் பக்கத்திலேயே பத்துப் பேர் சேற்றில் நின்றுகொண்டிருக்கிறார்கள். யார் இவர்கள், ஏன் நிற்கிறார்கள், ஒரு விளக்கம் கிடையாது. நாட்டில் காற்று நின்றுவிட்டதாம். கப்பல்கள் துறைமுகத்தில் அசையாமல் கிடக்கின்றன. காற்றை யாரோ எங்கேயோ அடைத்து வைத்திருக்கிறார்கள், அதை மீட்கப் போகிறார்கள். சரி, போகட்டும். போகிற வழியில் கப்பல்காரி ஒருத்தியும் அவள் தம்பியும் எந்தப் பாதையில் போவது என்று சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துவிடுகிறார்கள். அவள் வடக்கே, அவன் தெற்கே. அதற்கப்புறம் புத்தகம் முழுக்க நடக்கிறார்கள், முரளி. நடக்கிறார்கள், நடக்கிறார்கள், ஈர விறகைப் பற்றவைக்கிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். அவன் செத்துவிட்டான் என்று அவள் அழுகிறாள். அவள் என்னை மறந்துவிட்டாள் என்று அவன் பல்லைக் கடிக்கிறான். அவள் தோளில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. வெறும் பறவை இல்லை, செய்தி கொண்டு போகிற பறவை! எங்கே விட்டாலும் ஆளைத் தேடிப் போய்ச் சேருமாம். அதை ஒரு தரம் பறக்கவிடக் கூடாதா அவள்? விடமாட்டாள். முதலில் அவன் அல்லவா மன்னிப்புக் கேட்க வேண்டும்? பறவைக்குத் தீனி போட்டுப் போட்டு, அந்தச் செங்கல் தடிமன் புத்தகம் முழுக்கச் சுமந்துகொண்டு நடக்கிறாள்.

சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே படித்த நான் கோபத்தில் புத்தகத்தைத் திவானில் எறிந்ததும், நீ உள்ளிருந்து வந்து, "அம்மா, இதையா படிக்கற? முதல் ரெண்டு பாகம் படிக்காம இதைத் தொடவே கூடாது" என்றதும் உனக்கு ஞாபகம் இருக்கும். "அந்த ரெண்டும் எங்கடா?" என்றேன். "அங்க இருக்கு." "அங்கன்னா?" "கொட்டிவாக்கத்துல." "அப்போ இது செல்வியுதா?" நீ புத்தகத்தைப் பொறுக்கி எடுத்து, மடங்கிய பக்கத்தை நீவிவிட்டாய். "நடுப்பாகம் எல்லாத் தொடர்லயும் இப்படித்தாம்மா கொஞ்சம் இழுக்கும். பொறுமையா இருக்கணும்" என்றாய். பொறுமையைப் பற்றி நீ எனக்குச் சொன்னாய்! நான் அன்றைக்கு உன்னை அடிக்காமல் விட்டது, கையில் சப்பாத்தி மாவு ஒட்டியிருந்ததால்தான்.

உனக்கு முன்னால் நான் படித்து முடித்துவிட்டேன். எப்படி முடிகிறது என்று சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய், ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். தம்பி ஒரு கோட்டை வாசலுக்கு வந்து சேர்கிறான். அக்காள் அதே கோட்டைக்குள் இருக்கிறாள். இருவருக்கும் நடுவே ஒரு கதவு. அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது. புத்தகமும் சாத்திக்கொள்கிறது. இவ்வளவு தூரம் என்னை நடக்கவிட்டு, கதவை முகத்தில் சாத்தினால் எனக்கு எப்படி இருக்கும்? நாலாவது பாகம் இல்லாமல் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் கேட்டால், நானே இன்னும் இதை முடிக்கவில்லை என்பாய். செல்வியையே கேட்டுவிடலாம் என்று மறுநாள் காலையில், கோயிலுக்குப் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். அடையாறு தாண்டுவதற்குள் ஆட்டோக்காரர் மெட்ரோவைத் திட்டினார், நான் உன்னைத் திட்டினேன், இரண்டு பேருக்கும் பொழுது போயிற்று.

செல்வி கதவைத் திறந்தாள். என் தோளுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள். நீ ஏறி வருகிறாயா என்று பார்க்கிறாள். பிறகு, "வாங்க அத்தை" என்றாள். இளைத்திருந்தாள். நைட்டி மேல் ஒரு துண்டு, கையில் ஈரம். உன் வேலையறைக் கதவு திறந்திருந்தது. உன் மேசை சுவரோரம் ஒதுக்கப்பட்டு, அதன் மேல் மாத்திரையும் கஞ்சி பிளாஸ்கும் இருந்தன. கட்டிலில் ஏழுமலை சம்பந்தி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டின மனுஷர். உன் கல்யாணத்தில் இரண்டு கையிலும் இரண்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு நடுவே போனவர். வலது கை தலையணை மேல் செத்த மீன் மாதிரி கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, இடது கையை மட்டும் நெற்றி வரைக்கும் கொண்டுபோனார். "இப்போ பரவாயில்ல" என்று நீ சொன்னது இதைத்தானா?

"இங்கதான் இருக்காருன்னு அவன் சொல்லவே இல்லையேம்மா" என்றேன் செல்வியிடம். அவள் சமையல்கட்டில் எனக்குக் காபி கலந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "ஊருக்கு வெளிய கவருமெண்டு குடுத்த வீட்டுல நாலாவது மாடி அத்தை, நைனா தனியா எப்டி இருக்கும்? ஆஸ்பத்திரிலேருந்து நேரா இங்க இட்டாந்தோம். உங்க புள்ளைய கொற சொல்ல மாட்டேன். வண்டிலேருந்து நைனாவ தூக்கினு வந்ததே அவருதான். பொங்கல் வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல. அப்புறம் ஒரு நாள் சாப்புட உக்காந்தப்ப, 'இது எப்ப வரைக்கும் செல்வி? ஒரு தேதி சொல்லு, அதுக்கு ஏத்த மாதிரி பிளான் பண்ணிக்கறேன்'னாரு." காபியை ஆற்றிய கை நின்றுவிட்டது. "எங்க நைனா எப்ப வரைக்கும்னு நான் இன்னா தேதி சொல்றது அத்தை?"

அவள் அழவில்லை. நான்தான் காபியை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முரளி, நீ கேட்டது கொலைக் குற்றம் இல்லை. படுக்கையிலேயே எல்லாம் நடக்கிற மனுஷருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் ஆபீஸ் வேலையைச் செய்வது லேசில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு இடம் போதவில்லை, மூச்சு முட்டுகிறது என்று சொல்லியிருந்தால் அவள் புரிந்துகொண்டிருப்பாள். நீ தேதி கேட்டாய். அவள் பதிலுக்குக் கத்தினாள். நீ பையை எடுத்தாய். பையை எடுத்தவன் படிக்கிற புத்தகத்தையும் அதில் போட்டுக்கொண்டாய் பார், அதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த ஐந்து பாகத்தை வாங்கினவர் அந்தக் கட்டிலில் கிடப்பவர். உனக்கு இது தெரியுமோ தெரியாதோ, எனக்குச் செல்வி சொல்லித்தான் தெரியும். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. லஸ் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில், அட்டையில் கப்பல் இருக்கிறதே என்று பள்ளிக்கூடம் படிக்கிற மகளுக்கு ஒன்றை வாங்கிப் போனார். அவள் படித்துப் படித்து அவருக்குத் தமிழில் கதையாகச் சொன்னாள். ஆற்றங்கரையில் இருந்த ஒற்றை அறை வீட்டில், வேலை முடிந்து வந்து காலை நீட்டிக்கொண்டு, "அப்புறம்?" என்பாராம். மற்ற பாகமெல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைத்தன, இந்த மூன்றாவது மட்டும் கிடைக்கவே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்க் கடைக்காரரை நச்சரித்து வாங்கியிருக்கிறார். இப்போது பேச்சு போனபிறகு, அவரிடம் விடாமல் பேசுங்கள், பழகின விஷயமாகப் பேசுங்கள் என்று அடையாறில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லியிருக்கிறாள். செல்வி அந்தக் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு பாகம் முடித்தாள். மூன்றாவதை அலமாரியில் போய்த் தேடினால் அந்த இடம் காலி. "எனக்கு நடுவுல சரியா ஞாபகம் இல்ல அத்தை. நானா எதனா சொன்னா தலைய ஆட்டறாரு, அது இல்லன்றாரு" என்றாள். அவருக்கு மிஞ்சியிருந்த தெளிவான வார்த்தை ஒன்றே ஒன்றுதான். "அப்புறம்?" அதற்குப் பதில் உன் வயிற்றின் மேல் நின்றுகொண்டிருந்தது.

நான் நாலாவது பாகம் வாங்கப் போனவள். வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பியிருப்பேன். அவர் என்னைப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "சம்பந்தி, பத்துப் பேரும் சேத்துல நிக்கறாங்க" என்று ஆரம்பித்தேன். எனக்கு அந்த நீளமான பெயர்களெல்லாம் வாயில் நுழையவில்லை. கப்பல்காரி, தம்பிக்காரன், தாடிக்காரன் என்றே சொன்னேன். அவருக்குப் புரிந்தது. சண்டை வந்த இடத்தில் புருவத்தைச் சுருக்கினார். ஈர விறகைப் பற்றவைக்கிற இடத்தை நான் விட்டுவிட்டுப் போகப் பார்த்தால், இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டி நிறுத்தினார். எதையும் விடக் கூடாதாம்! இந்தக் கப்பல்காரிக்குப் புத்தி இருக்கிறதா சம்பந்தி, தோளில் பறவையை வைத்துக்கொண்டு இப்படி நடக்கிறாளே என்று நான் உன் மேல் உள்ள கோபத்தையெல்லாம் சேர்த்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தொண்டையில் ஏதோ உருண்டது. முகமெல்லாம் சிவந்தது. பயந்துபோய்ச் செல்வியைக் கூப்பிட வாயெடுத்தேன். "வு...டு" என்றார். நான் நிறுத்தினேன். "வுடு... அத்த வுடு" என்றார். பறவையை விடச் சொல்கிறார்!

செல்வி சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "நைனா, இன்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு நைனா" என்றாள். அவர் மறுபடி சொல்லவில்லை, களைத்துவிட்டார். மறுநாளும் அந்த வார்த்தை வரவில்லை. அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை, நீ அப்படி நினைத்துக்கொள்ளாதே. ஆனால் அன்றைக்குச் சொன்னார். நான் கேட்டேன், அவளும் கேட்டாள். அங்கே இருந்து கேட்டிருக்க வேண்டிய மூன்றாவது ஆள், மந்தைவெளியில் திவானில் கிடந்தான்.

அதனால்தான் நான் திரும்பவில்லை. நான் இங்கேயே இருக்கப்போகிறேன் என்று போனில் சொன்னபோது நீ என்ன கேட்டாய்? அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாயா? அவள் சாப்பிடுகிறாளா என்று கேட்டாயா? "என்னைப் பத்தி என்ன சொன்னா?" என்று கேட்டாய். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். உன்னைப் பற்றிப் பேச இங்கே யாருக்கும் நேரம் இல்லையடா. காலையில் அவரைத் துடைத்து உடை மாற்ற வேண்டும், பயிற்சிக்கு ஆள் வரும், அதற்குள் அவள் ஆபீஸ் அழைப்புகள் ஆரம்பித்துவிடும். மத்தியானம் எனக்கும் சம்பந்திக்கும் கதை. சாயங்காலம் வாட்ச்மேன் கை கொடுத்தால் சக்கர நாற்காலியில் கடற்கரைச் சாலை வரைக்கும் ஒரு நடை. மீன் வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவள் மீன் சட்டியைப் பால்கனிக்குக் கொண்டுபோய் வைத்தாள். அவர் சாப்பிடுகிற ஒரே சாப்பாடு அது, உள்ளேயே வை என்று நானே எடுத்துவந்து வைத்தேன். கோட்டைக்குப் போகிற வழியில் தாடிக்காரன் படகில் வந்தானா, கரையோடு நடந்து வந்தானா என்று எனக்கும் சம்பந்திக்கும் தகராறு. நான் படகு என்கிறேன். அவர் கையை ஆட்டி இல்லை என்கிறார். அதைப் பார்த்துத் தீர்க்கத்தான் புத்தகத்தோடு உன்னை வரச் சொன்னேன். நடந்துதான் வந்தான். நான் சொன்னது தப்பு. அவர் அதற்கு எத்தனை நேரம் சிரித்தார் தெரியுமா?

உனக்கு ஆறு வயசு இருக்கும்போது உன் அப்பா என்னிடம் சொல்லாமல் ஆபீஸ் ஆட்களை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார். அன்றைக்கு நடந்த சண்டையில் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டோம். அவர் கூடத்தில், நான் சமையலறையில். "முரளி, காபி வேணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார். "பால் இல்லன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பேன். நீ நடுவே ஓடிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் சாயங்காலம் நீ என்னிடம் வந்து, "அப்பா ஸாரி சொல்லச் சொன்னாரும்மா" என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய் அவருக்குப் பிடிக்குமே என்று வெங்காய வடை தட்டினேன். வடைத் தட்டோடு கூடத்துக்குப் போனால், அவர் என்னைப் பார்த்து, "நீ எதுக்கு ஸாரியெல்லாம் சொல்லி அனுப்பற? தப்பு என்மேலதானே" என்கிறார். நான் சொல்லி அனுப்பவே இல்லை. அவரும் சொல்லி அனுப்பவில்லை. திரும்பிப் பார்த்தால் நீ வடையைத் தின்றுகொண்டிருந்தாய். உன் அப்பா கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆறு வயசில் யாரும் சொல்லித்தராமல் உனக்கு வந்த அந்தப் புத்தியை இப்போது எங்கே கொண்டுபோய்த் தொலைத்தாய்? எந்த ஆப்பில் போட்டு யாருக்கு அனுப்பிவிட்டாய்?

உன் பக்கம் பேசி அவளைச் சமாதானம் செய்து வைப்பேன் என்று நினைக்காதே. எனக்கு அந்த வேலை வேண்டாம், வயசும் இல்லை. நீ வந்தால் அவள் சிரித்துக்கொண்டு வரவேற்பாள் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். கத்தினாலும் கத்துவாள்; நின்று கேட்டுக்கொள். தேதி கேட்டது தப்பு என்று நீயே உன் வாயால் சொல். உனக்கு மூச்சு முட்டுகிறது என்றால் அதையும் சொல், அது பொய் இல்லையே. உன் மேசையை நேற்று நானும் வாட்ச்மேனும் கூடத்தில் பால்கனிப் பக்கமாக நகர்த்திப் போட்டோம். பிளக் பாயின்ட் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் இடிக்கும், பழகிக்கொள்ளலாம். செல்வி பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மேசை மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதே.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். இங்கே வந்த முதல் நாளிலிருந்து நான் பார்க்கிறேன், சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் சம்பந்தி வாசல் பக்கம் தலையைத் திருப்புவார். "மா...ப்ள?" என்பார். எழுத்தெல்லாம் சேர்ந்து வராது, ஆனாலும் கேட்பார். உன்மேல் இத்தனை கோபம் இருக்கிற செல்வி, உன் பெயரைக்கூட என்னிடம் எடுக்காத செல்வி, அவருடைய வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே, "ஆபீஸ்ல இருக்காரு நைனா. வேல ஜாஸ்தி. வந்துருவாரு" என்பாள். தினமும் அதே பதில். அவர் நம்புகிறாரா என்று எனக்குத் தெரியாது. தலையை ஆட்டிக்கொள்வார். நேற்று அவள் அதைச் சொல்வதற்கு முன்னால் துடைத்த வாயையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இன்னும் எத்தனை நாளைக்கு அவளால் அதைச் சொல்ல முடியும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது, முரளி.

ஆகையால் விளக்குப் போடுகிற நேரத்துக்கு வா. உன் ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வா. செருப்பைக் கழற்றிவிட்டு, என்னிடமும் வராதே, செல்வியிடமும் போகாதே, முதலில் அந்த அறைக்குப் போ. அவர் தலையைத் திருப்பிக் கேட்பார். "ஆபீஸ்ல லேட்டாயிடுச்சு மாமா" என்று சொல்.

அம்மா